இன்னொரு தடவை எழுதலாமா?

ரிசல்ட் வந்த ராத்திரி வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படிப்பார். அம்மா, 'சாப்பிட வாம்மா' என்று நாலாவது தடவையாகக் கூப்பிடுவார். ஊரிலிருந்து பெரியப்பா போன் பண்ணி, 'நீட்ல எவ்வளவு வந்திருக்கு?' என்பார். சொன்னதும் அந்தப் பக்கம் ரெண்டு விநாடி சத்தமே இருக்காது. அப்புறம், 'அதனாலென்ன... மார்க்கெல்லாம் ஒரு விஷயமா?' என்பார்.

அந்த ரெண்டு விநாடியைப் பெண் கேட்டுவிடுகிறாள். அதற்குப் பிறகு வருகிற ஆறுதல் எதுவும் அவள் காதில் ஏறுவதில்லை.

ஏறாது. ஏனென்றால், அது பொய் என்று அவளுக்குத் தெரியும். ரெண்டு வருஷமாக அந்த வீட்டில் கேபிள் கிடையாது. அத்தை வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவில்லை. நகையை அடகு வைத்து கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டினார்கள். எல்லாம் மார்க்குக்காக! ராத்திரியோடு ராத்திரியாக அது 'ஒரு விஷயமே இல்லை' என்று ஆகிவிடுமா? அன்றைக்குச் சொன்னது பொய், அல்லது இன்றைக்குச் சொல்வது பொய்.

'நல்ல மனசோடு சொல்கிற பொய்தானே சார், சொன்னால் என்ன?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அந்தப் பொய் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். 'அந்த மார்க்கைப் பார்க்காதே, முகத்தைத் திருப்பிக்கொள்' என்கிறது. மறுபக்கம், 'எல்லாம் போச்சு, மானம் போச்சு' என்று திட்டுகிற அப்பா இருக்கிறாரே, அவரும் அதையேதான் செய்கிறார். அவர் திட்டுகிற திட்டில் அந்தத் தாளைத் திறக்கவே பெண்ணுக்குக் கை நடுங்குகிறது. கொஞ்சுகிறவரும் சரி, திட்டுகிறவரும் சரி, அவளைப் பார்க்கவிடாமல் செய்கிறார்கள். பார்க்காமல் எதைச் சரி பண்ணுவது?

சரி, மார்க் என்பதுதான் என்ன? 2024ல் நடந்த ஒரு கதையை ஞாபகப்படுத்துகிறேன்.

அந்த வருஷம் ஜூன் 4-ம் தேதி நீட் ரிசல்ட் வந்தபோது 67 பேர் முழுசாக 720-க்கு 720. அதில் 44 பேருக்கு இயற்பியலில் அணுவைப் பற்றிய ஒரே ஒரு கேள்விதான் கை கொடுத்திருந்தது. பழைய பாடப் புத்தகத்தின்படி ஒரு விடை, புதுப் புத்தகத்தின்படி இன்னொரு விடை என்று குழப்பம் வந்ததால், ரெண்டு விடைக்கும் மார்க் போட்டிருந்தார்கள். விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. நிபுணர்களைக் கேட்டது. 'ஒரு விடைதான் சரி' என்றார்கள். ஜூலை கடைசியில் திருத்திய ரிசல்ட் வந்தபோது முழு மார்க் வாங்கியவர்கள் 17 பேர்தான். மற்ற விடையைத் தேர்ந்தெடுத்த லட்சக்கணக்கான பேருக்கு நாலு மார்க் போய், தப்பு விடைக்கான ஒரு மார்க்கும் கழிந்து, ஆக மொத்தம் ஐந்து மார்க் குறைந்தது.

ஜூனில் 720, ஜூலையில் 715. அந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் என்ன ஆனது? ஒன்றுமே ஆகவில்லை. படித்தது அப்படியே இருந்தது. புத்தி அப்படியே இருந்தது. அளவுகோல்தான் நகர்ந்தது. அடுத்த வருஷமே, 2025ல், நாட்டிலேயே முதல் மார்க் 686. முந்தைய வருஷத்துக்காரர்களைவிட இவர்கள் மக்கா? கேள்வித்தாள் கஷ்டம், அவ்வளவுதான்.

அதற்காக மார்க் வெறும் காற்று என்று நான் சொல்லவில்லை. டாக்டர் எழுதித் தருகிற பி.பி. மாதிரி அது. அன்றைக்கு, அந்த நேரத்தில், அந்தக் கருவியில் காட்டிய எண். அதை வைத்து 'நீ நல்லவனா, கெட்டவனா' என்று யாரும் முடிவு பண்ணுவதில்லை. அதற்காகச் சீட்டைக் கிழித்துக் குப்பையில் போடுவதும் இல்லை. 'ஏன் ஏறியது?' என்று கேட்கிறோம். பரீட்சை மார்க்குக்கு மட்டும் அந்தக் கேள்வி ஏன் வர மாட்டேன் என்கிறது? வெட்கம்! வெட்கப்படுகிறவனால் எதையும் உற்றுப் பார்க்க முடியாது.

ஒரு கணக்குப் போடலாம். ஒரு பெண் 412 வாங்கியிருக்கிறாள் என்று வையுங்கள். மொத்தம் 180 கேள்வி. சரியான விடைக்கு 4, தப்புக்கு ஒன்று கழியும். அவள் 112 சரி, 36 தப்பு, 32 தொடவே இல்லை. '412' என்று மட்டும் பார்த்தால் அழுகைதான் வரும். கேள்வித்தாளைத் திறந்து, தப்பான 36-ஐ மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள். நீட்டில் கேள்வித்தாளை வீட்டுக்கே கொண்டுவரலாம். விடைக் குறிப்பும் பிறகு வெளியாகிறது. ஆகவே, இது எல்லோராலும் முடிகிற காரியம்தான்.

முதல் பத்தி, தெரிந்தும் அவசரத்தில் விட்டது. ரெண்டாவது, குருட்டாம்போக்கில் போட்டது. மூன்றாவது, தெரியவே தெரியாது, அல்லது தப்பாகப் புரிந்துவைத்திருந்தது. முதல் பத்தியில் 14 கேள்வி வந்தது என்று வையுங்கள். ஒரு தப்பு, சரியானால் லாபம் நாலு இல்லை, ஐந்து. பதினான்கு ஐந்து எழுபது. 412 இப்போது 482. புதுசாக ஒரு பாடம்கூடப் படிக்காமல்! தொடாமல் விட்ட 32-லும் எத்தனை தெரியாமல் விட்டது, எத்தனை நேரம் போதாமல் விட்டது என்று பாருங்கள். ஒன்றுக்கு மருந்து படிப்பு. இன்னொன்றுக்கு மருந்து கடிகாரம்.

அழுதுகொண்டிருந்த பெண் இப்போது எண்ணிக்கொண்டிருக்கிறாள். அவள் மீண்டு வருவது இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

அடுத்த வருஷம் படிக்கிறபோதும் இதே வெட்கம் வேறு வேஷத்தில் வரும். போன வருஷம் மஞ்சள் மார்க்கரில் கோடு போட்ட அதே புத்தகத்தை மறுபடி மறுபடி வாசிக்கச் சொல்லும். சுகமாக இருக்கும், 'எல்லாம் தெரியுதே' என்று தோன்றும். 2006ல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவு பாடத்தைத் திரும்பவும் படித்தது; இன்னொரு பிரிவு புத்தகத்தை மூடிவிட்டு, ஞாபகம் இருந்ததை எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் ஜெயித்தார்கள்.

புத்தகத்தை மூடிவிட்டு எழுதினால், தெரியாதது தெரியாதது என்று பளிச்சென்று தெரிந்துவிடும். அதைத் தினமும் தாங்கிக்கொள்ள ஒரு மனசு வேண்டும். வீட்டில் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்ற தைரியம் இருந்தால்தான் அந்த மனசு வரும். மாக் டெஸ்டில் மார்க் குறைந்தால் மறைக்கிற பெண்ணும், 'அப்பா, இன்னிக்கு இருபத்தோரு தப்பு, பாருங்க' என்று கொண்டுவந்து காட்டுகிற பெண்ணும் ஒரே பாடத்தைத்தான் படிக்கிறார்கள். ஆனால், வேறு வேறு வீட்டில் வளர்கிறார்கள்.

இப்போது தலைப்புக்கு வருவோம். இன்னொரு தடவை எழுதலாமா?

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு ஸீட் கிடைத்துவிட்டது என்பதற்காக எழுத வேண்டாம். 'இவ்வளவு பணம் கட்டியாச்சே' என்பதற்காகவும் வேண்டாம். போன பணம் போனதுதான், இன்னொரு வருஷத்தைப் போட்டாலும் அது திரும்பி வராது. சொந்தக்காரர்களுக்குப் பதில் சொல்லப் பயந்து எழுதுவது இருக்கிறதே, அது எல்லாவற்றையும்விட மோசம். ஒரே ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். 'போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் எது மாறப்போகிறது?' மூன்று பத்தியைப் பார்த்து அவள் வாயாலேயே இதற்குப் பதில் வந்தால், தாராளமாக எழுதட்டும். பதில் வரவில்லையென்றால் அது முயற்சி ஆகாது, லாட்டரிச் சீட்டு.

எத்தனை தடவை? சில பரீட்சைகள் தாங்களே கோடு போட்டிருக்கின்றன. ஜே.இ.இ. அட்வான்ஸ்ட் அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு தடவை. ஐ.ஏ.எஸ். பரீட்சை பொதுப் பிரிவினருக்கு ஆறு, ஓ.பி.சி.க்கு ஒன்பது. நீட்டில் அப்படி எந்தக் கோடும் போடாமல் விட்டார்கள். மேல்வயது வரம்பையும் 2022ல் எடுத்துவிட்டார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால், கதவு திறந்தே கிடந்தால் எப்போது வீட்டுக்குப் போவது? அந்தக் கோட்டை வீட்டில்தான் போட வேண்டும், அதுவும் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. தோற்ற பிறகு போடுகிற கோடு தண்டனை மாதிரி இருக்கும்.

ராமானுஜன் கதை எல்லோருக்கும் தெரியும். எஃப்.ஏ. பரீட்சையில் 1906ல் தோற்றார். 1907ல் மறுபடி எழுதினார், மறுபடி தோற்றார். இதைச் சொல்லி, 'விடாதே, எழுது' என்கிறோம். கதையின் மீதியைப் படியுங்கள். அதற்கப்புறம் அவர் அந்தப் பரீட்சையை ஜெயிக்கவே இல்லை. பரீட்சையை விட்டார், கணக்கை விடவில்லை. 1912ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை; 1913ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குக் கடிதம். விடவே கூடாதது எது, விட்டுவிடலாம் என்பது எது என்று பிரிக்கத் தெரிவதும் விடாமுயற்சியில் ஒரு பாதிதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டாவது வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைப்பதில்லை. 2020-21ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் ரிப்பீட்டர்கள் என்று நீதிபதி ஏ.கே.ராஜன் குழு சொன்னது. ஒரு வருஷம் சம்பாதிக்காமல் உட்கார்ந்து படிக்க எல்லா வீட்டிலும் வசதி உண்டா? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-லிருந்து 7.5 சதவிகிதம் உள் ஒதுக்கீடு வந்தது இதை நினைத்துத்தான். நீட்டிலிருந்து விலக்கு கேட்டு 2021லும், மறுபடி 2022லும் நம் சட்டசபை அனுப்பிய மசோதாவுக்கு ஒப்புதல் இல்லை என்று 2025 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. அந்த வழக்கு ஒருபக்கம். ஆனால், ரிசல்ட் வந்த ராத்திரி பெண்ணுக்கு அரசியல் விவாதம் வேண்டாம்; பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். ஆகவே, ஜெயித்தவனைப் பார்த்து, 'உழைத்தான், வாங்கினான்' என்று சொல்கிறபோது, தோற்றவளைப் பார்த்து, 'உழைக்கலை' என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள்.

2017ல் இருந்து எத்தனை பிள்ளைகளை இந்த ஒரு எண்ணுக்காகப் பறிகொடுத்திருக்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். சாப்பாடு இறங்காமல், தூக்கம் இல்லாமல், 'நான் இருந்து என்ன பிரயோஜனம்' என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், தயவுசெய்து, 'சும்மா பேசறா' என்று விடாதீர்கள். கூடவே இருங்கள். 104-க்கோ 14416-க்கோ போன் போடுங்கள். பேசுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். மூன்று பத்தி, மாக் டெஸ்ட் எல்லாம் அப்புறம். பிள்ளை இருந்தால்தான் பரீட்சை.

அப்படி ஒன்றும் இல்லை, அழுது தூங்கிவிட்டாள் என்றால் நல்லது. ஒரு வாரம் அவளை விடுங்கள். சினிமாவுக்குப் போகட்டும், அத்தை வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும். அப்புறம் ஒருநாள் டிபன் ஆனதும் அந்தக் கேள்வித்தாளை எடுத்து வரச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று கோடு போட்டுக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். அவள் எண்ணட்டும்.