ஒன்றும் நடக்காத நாள்

தச்சர் தாம் செய்த கட்டிலைக் காட்டலாம். கொத்தனார் தாம் எழுப்பிய சுவரைக் காட்டலாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பராமரிப்புப் பணியாளர் காட்டக்கூடியது ஒன்றும் நடக்காமல் முடிந்த ஒரு நாளை மட்டுமே. கண்ணில் படாத அந்த உழைப்பை எதைக்கொண்டு மதிப்பது என்பது, அங்கே குடியிருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி.

சென்னையில் இந்த வேலை தண்ணீரோடு தொடங்குகிறது. குடிநீர் வாரியக் குழாய், ஆழ்துளைக் கிணறு, லாரி என எந்த வழியாக வந்தாலும் நீர் முதலில் நிலத்தடித் தொட்டியான சம்ப்பில் சேரும். பிறகு மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது நகர நீர்வழங்கலுக்கு இந்தியாவில் வகுத்துள்ள அளவு. வீட்டுக்கு நான்கு பேராக 100 வீடுகள் என்றால் 54,000 லிட்டர். அதாவது 54 டன் எடை, நாள்தோறும் மாடி ஏறுகிறது.

அந்த மோட்டார் நிற்காமல் ஓடுவது தற்செயல் அல்ல. அனுபவசாலிகள் ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் இருக்கும் இடத்தில் ஊன்றி, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பார்கள். நல்ல பேரிங் சீராக ரீங்கரிக்கும். தேயத் தொடங்கியது கரகரக்கும். அன்றே மாற்றினால் செலவு ஒரு பேரிங்கோடு முடியும். விட்டால் மோட்டார் இறுகி, காயில் கருகி, ரீவைண்டிங் கடைக்குப் போகும். கேட் வால்வும் அப்படித்தான். நெடுநாள் தொடாமல் கிடந்தால் உப்புப் படிந்து இறுகிவிடும். குழாய் உடைந்த இரவில் திரும்பாது. அதனால் தேவையே இல்லாத ஒரு நாளில் ஒவ்வொரு வால்வையும் மூடித் திறந்து வைக்கிறார்கள். அதை யாரும் பார்ப்பதில்லை.

பார்ப்பது இடர் வரும்போதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை தென்சென்னையின் தாழ்வான பகுதிகளை மூழ்கடித்தது. வெள்ளம் புகுந்த சம்ப்பை இறைத்து, தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடர் இட்ட பிறகே அந்த நீரைப் புழங்க முடியும். தம் வீட்டிலும் வெள்ளம் புகுந்திருக்க, இங்கே வந்து அதைச் செய்யும் பணியாளரின் அருமை அப்போது புரிகிறது.

அருமை புரிந்தால் போதாது; பணியாளரின் உயிரையும் காக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டியில் சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, செறிவு கூடும்போது முகரும் உணர்வையே மழுங்கடிக்கும். நாற்றம் இல்லையே என்று நம்பி இறங்கியவர்கள் பலர் உயிரோடு மேலே வரவில்லை. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் அத்தகைய தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டின் சட்டம் தடைசெய்கிறது. இருந்தும், அடைப்பை உடனே எடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் “இறங்குப்பா, ஒண்ணும் ஆகாது” என்ற சொல் எளிதாக வாயில் வந்துவிடுகிறது.

குடியிருப்போருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க மோட்டாருக்கும் வால்வுக்கும் பணியாளர் காட்டும் கவனம் எவ்வளவோ, அவருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கக் குடியிருப்போர் காட்டும் கவனமும் அவ்வளவு இருக்க வேண்டும். கழிவுநீர் உறிஞ்சு லாரி வரும்வரை தொட்டியின் மூடியைத் திறக்காமல் காத்திருப்பதே அந்த உழைப்புக்குத் தரும் உண்மையான மதிப்பு.