பதில் தராதவர்கள் எத்தனை பேர்?

இணையக் கடையில் "பருத்திச் சட்டை" என்று தட்டியதும் பட்டியல் வந்து நிற்கிறது. அது முழுப் பட்டியல்தானா என்று நாம் கேட்பதில்லை. கேட்கத் தோன்றுவதும் இல்லை.

இத்தகைய தேடல் பெட்டிகள் பலவற்றின் பின்னால் ஓடுவது எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருள். ஷே பேனன் 2010-ல் வெளியிட்டது. தரவு பெருகினால் ஒரே கணினி தாங்காது. அதனால் இது தரவை 'ஷார்டு' எனப்படும் துண்டுகளாகப் பிரித்துப் பல கணினிகளில் வைக்கிறது. நாம் தேடும்போது அத்தனை துண்டுகளுக்கும் கேள்வி போகிறது. ஒவ்வொன்றும் தன்னிடம் இருப்பதில் பொருத்தமானதைச் சொல்ல, ஒரு கணினி அவற்றைத் திரட்டி வரிசைப்படுத்தித் தருகிறது.

ஒரு துண்டும், அதற்கு மாற்றாக வைத்திருக்கும் நகலும் சேர்ந்து முடங்கிவிட்டால்? தேடல் நிற்காது. மற்ற துண்டுகள் சொன்னதை வைத்தே விடை வரும். 'எல்லாம் சரி' என்பதற்கான 200 என்ற எண்ணோடுதான் வரும். காக்க வைப்பதைவிடக் கையில் இருப்பதைக் கொடுப்பது மேல் என்பது அதன் இயல்பான அமைப்பு.

ஆனால் மென்பொருள் குறையை மறைப்பதில்லை. எத்தனை துண்டுகளிடம் கேட்டது, எத்தனை பதில் தந்தன, எத்தனை தவறின, நேரம் போதாமல் பாதியில் நின்றதா என்பதையெல்லாம் விடையின் தொடக்கத்திலேயே எழுதிவிடுகிறது. 7-ஆம் பதிப்பிலிருந்து, நாம் தனியாகக் கேட்டாலொழிய, பொருந்துபவற்றை 10,000-க்கு மேல் துல்லியமாக எண்ணுவதில்லை. அப்போதும் வெறுமனே 10,000 என்று சொல்லிவிடாது; 'இவ்வளவு, அல்லது இதற்கும் மேல்' என்ற குறிப்பைச் சேர்த்தே தரும்.

இந்தக் குறிப்புகளெல்லாம் நம் கண்ணுக்கு வராமல் போவது இடையில்தான். பக்கத்தை வடிவமைப்பவர் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டால், திரை பளிச்சென்று இருக்கும். தேடிய பொருள் முடங்கிய துண்டில் இருந்தால், "அது இந்தக் கடையிலேயே இல்லை" என்று நம்பி நாம் வெளியேறிவிடுவோம்.

நாமும் பல நேரம் அந்த இடையாளாகத்தான் இருக்கிறோம். "ஊரே அப்படித்தான் பேசுது" என்கிறோம். பேசியது டீக்கடையில் நாலு பேர். "வீட்டில் எல்லாருக்கும் சம்மதம்" என்கிறோம். கல்யாணப் பெண்ணிடம் யாரும் கேட்கவே இல்லை. "கூட்டத்தில் ஒருவரும் எதிர்க்கவில்லை" என்கிறோம். வந்திருந்தது பாதிப் பேர். இதில் எதையும் பொய் என்று நாம் நினைப்பதில்லை. கேட்டதைச் சொன்னோம், கேட்காமல் விட்டதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆனால் நம் பேச்சை நம்பி முடிவெடுப்பவர் அந்த விடுபட்ட பகுதியில்தான் இடறுகிறார்.

எல்லார் பதிலும் வரும்வரை காத்திருந்தால் எந்தக் காரியமும் நடக்காது. கிடைத்ததை வைத்து முடிவெடுக்கத்தான் வேண்டும். கிடைத்தது இவ்வளவுதான் என்று சொல்வதற்கு மட்டும் கூச்சம் வேண்டாம்.

இன்று யாருக்காவது ஒரு தகவல் சொல்ல நேர்ந்தால், "பத்துப் பேரிடம் கேட்டேன், ஏழு பேர் சொன்னது இது, மூன்று பேர் இன்னும் பதில் தரவில்லை" என்று சொல்லிப் பாருங்கள். அதை எவ்வளவு நம்பலாம் என்பதைக் கேட்பவரே எடைபோட்டுக்கொள்வார்.