மீன் வளர்ப்பும் அமானிதமும்

வீட்டில் மீன் வளர்ப்பது கூடுமா என்று கேட்டால், "கூடும்" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு பறவையை வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. அது இறந்தபோது பரிவோடு விசாரித்தார்கள். உலமாக்கள் இதை ஆதாரமாகக் கொள்கின்றனர். ஆனால் அந்த அனுமதியோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

பலரும் ஆசைப்பட்டு வாங்கும் ஃப்ளவர்ஹார்ன் மீனையே எடுத்துக் கொள்வோம். சிக்லிட் இனங்களைக் கலந்து 1990-களில் மலேசியாவில் உருவாக்கப்பட்ட மீன் இது. கடையில் விரலளவுக் குஞ்சாக இருக்கும். வளர்ந்தால் ஏறத்தாழ ஓர் அடி நீளம். 10 ஆண்டுகள் வரை வாழக்கூடியது. பக்கத்தில் வேறொரு மீனைச் சகிக்காது; தனியாகவே வைக்க வேண்டும். 300 லிட்டர் அளவுக்காவது தண்ணீர் வேண்டும். அதன் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா அதற்கே நஞ்சாகும். ஆகவே வடிகட்டியும் வேண்டும். வாரந்தோறும் ஒரு பகுதித் தண்ணீரை மாற்றவும் வேண்டும்.

பூனையை அடைத்து வைத்துச் சாகடித்த பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் அறிவோம். அவள் உணவும் கொடுக்கவில்லை; தானே தேடித் தின்னட்டும் என்று விடவுமில்லை. ஆக, பூனை வைத்திருப்பவருக்கு இரண்டு வழிகள் உண்டு. இந்த மீனை வைத்திருப்பவருக்கோ ஒரே வழிதான். வளர்க்க முடியவில்லையென்று குளத்திலோ ஏரியிலோ விட்டால், அங்குள்ள மீன்களைத் தின்று பெருகிவிடும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள மதானோ ஏரியில், உலகில் வேறெங்கும் இல்லாத மீன்களுக்கு இதனால் ஆபத்து நேர்ந்திருக்கிறது. ஓர் உயிருக்கு விடுதலை தந்ததாக எண்ணியவர், பல உயிர்களுக்கு அநியாயம் செய்தவராகிறார்.

எனவே வாங்கும் முன்பே இடம், செலவு, நேரம் மூன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இயலாதவர் வாங்காதிருப்பதே பேணுதல். ஏற்கனவே வாங்கிச் சிரமப்படுபவர், முறையாக வளர்க்கக் கூடியவரிடம் ஒப்படைத்து விடட்டும்.

இன்னொன்று: முகம் பார்க்கும் கண்ணாடியைத் தொட்டியருகே காட்டி, அது சீறிப் பாய்வதைச் சிலர் ரசிக்கின்றனர். பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். தன் பிம்பத்தோடேயே மோதவிடுவதும் அந்தத் தடைக்குள் வந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டாமா? முரட்டுத்தனம் அதன் சுபாவம். அதற்கு மீனிடம் கேள்வியில்லை. அதை வேடிக்கையாக்கிய மனிதனிடம்தான் கேள்வி உண்டு.

பசித்த பூனை கத்தும், மீன் கத்தாது. கத்தாத உயிரின் ஹக்கையும் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நமக்குத் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.