பென்சிலால் போட்ட குறி

பியானோ சொல்லிக்கொடுக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு சாயங்காலம், ஒரே துண்டை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். "வித்தியாசம் தெரிகிறதா?" என்று கேட்டார். தெரியவில்லை. மூன்றாம் தடவை அந்த இடம் வரும்போது தலையை அசைத்துக் காட்டினார். பிறகுதான் பிடிபட்டது. ஒரே ஒரு ஸ்வரம்.

ஷோப்பன் 1839-இல் வெளியிட்ட 24 பிரிலூடுகளில் இருபதாவது அது. சோக யாத்திரை போல நகரும். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதன் ஆரம்பத்திலேயே, ஓரிடத்தில், மேலே நிற்கும் ஸ்வரம் எது என்று தகராறு. நம் சங்கீதத்தில் பழகிய காதுக்குச் சொல்வதானால், சாதாரண காந்தாரமா, அந்தர காந்தாரமா? கையெழுத்துப் பிரதியையும் முதல் அச்சையும் நம்பினால் அந்தர காந்தாரம். இருட்டறையில் ஒரு ஜன்னல் திறந்தாற்போல் இருக்கிறது. ஆனால், ஷோப்பனிடம் படித்த ஒருவருடைய பிரதியில், ஸ்வரத்தை இறக்கும் குறி பென்சிலால் போடப்பட்டிருக்கிறது. ஜன்னல் மூடிவிடுகிறது.

முதலில் எழுதும்போது மறந்துவிட்டாரா? அல்லது பிற்பாடு மனம் மாறினாரா? இந்தக் கேள்விக்காகவே பண்டிதர்கள் பழைய அச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேலை லேசானதல்ல. அந்தக் காலத்தில் ஒரு தேசத்து உரிமை இன்னொரு தேசத்தில் செல்லாது. ஆகவே, திருட்டு அச்சுக்குப் பயந்து, ஷோப்பன் தம் படைப்புகளைப் பாரிஸ், லைப்சிக், லண்டன் மூன்று ஊர்களிலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளியிட ஏற்பாடு செய்வார். ஓர் ஊருக்கு அவர் கைப்பிரதி போகும். இன்னொன்றுக்கு நண்பர் ஃபொன்தானா எடுத்த நகல் போகும். பாரிஸ் புரூபில் கடைசி நிமிஷத்தில் ஒன்றை மாற்றினால், அது லைப்சிக்குக்கு எட்டாமலே போய்விடும். விளைவு, ஒரே தகப்பனுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் முக ஜாடை கொஞ்சம் வேறு. அதோடு நிற்கவில்லை. 1832-இல் அச்சான ஒரு நாக்டர்னுக்கு, சிஷ்யர்களின் பிரதிகளில் புதுப்புது அலங்காரங்களை எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். அச்சானதோடு அது முடிந்துவிட்டது என்று அவர் நினைக்கவே இல்லை போலும்.

ஆசிரியரின் கடைசி விருப்பமே சரியான பாடம் என்று பண்டிதர்களில் ஒரு சாரார் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷோப்பனின் கடைசி விருப்பம் என்ன தெரியுமோ? அச்சாகாத கையெழுத்துப் பிரதிகளை எல்லாம் எரித்துவிட வேண்டும் என்பதுதான். 1849-இல் அவர் காலமானார். ஃபொன்தானா எரிக்கவில்லை. குடும்பத்தாரின் சம்மதத்தோடு 1855-இல் அவற்றில் பலவற்றை அச்சேற்றிவிட்டார். இன்று பியானோ படிக்கும் பிள்ளைகள் ஆசையாய் வாசிக்கும் 'ஃபேண்டஸி இம்ப்ராம்ப்ட்யூ' அப்படித் தப்பிப் பிழைத்ததே. அதிலும் ஒரு வேடிக்கை. ஒரு சீமாட்டியின் ஆல்பத்தில் ஷோப்பன் தம் கையாலேயே 1835-இல் எழுதிக் கொடுத்த பிரதி ஒன்று ரூபின்ஸ்டைன் என்ற பியானோ மேதையின் கண்ணில் பட்டு, 1962-இல் அச்சாயிற்று. அது ஃபொன்தானாவின் அச்சோடு பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் உலகம் பழக்கப்பட்டதை விடுவதாக இல்லை.

ஃபொன்தானா செய்தது தப்பு. சாகும் மனிதன் சொன்ன சொல்லை மீறியது தப்பில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தத் தப்பினால் கிடைத்ததை நான் ரசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எரிக்க வேண்டும் என்று மெய்யாகவே நினைத்திருந்தால் அவரே ஏன் எரித்திருக்கக் கூடாது, நாலைந்து வருஷம் வியாதியில் கிடந்த மனிதருக்கு அவகாசமா இல்லை, என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். திருட்டுச் சொத்தை அனுபவிக்கிறவன் பேசுகிற நியாயம் அது என்று உடனே உறைத்தது.

எனக்கு இதில் சொந்தச் சங்கடம் ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன் ஒரு பத்திரிகையில் என் கதை வந்தபோது, கடைசி இரண்டு வரிகள் அச்சில் விழுந்துவிட்டன. கோபத்தோடு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் வாசகர் கடிதங்கள் வர ஆரம்பித்தன. முடிவைச் சொல்லாமல் விட்ட நயத்தை எல்லோரும் பாராட்டியிருந்தார்கள். நான் எழுதத் தொடங்கிய கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். புத்தகமாக வந்தபோது, புரூப் என் கையில்தான் இருந்தது. இரண்டு வரிகளையும் சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை. அந்த முடிவுக்காக இன்றும் யாராவது புகழ்ந்தால், தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்கிறேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கதையின் மூலப் பிரதி, இரண்டு வரிகளோடும், பரண்மேல் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. எனக்குப் பிறகு பெட்டியோடு கொளுத்திவிடும்படி மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். போன வாரம் மறுபடியும் ஞாபகப்படுத்தினேன்.

"நெருப்புப்பெட்டி சமையல் உள்ளேதானே இருக்கு? நீங்களே கொளுத்திடறது!" என்றாள்.

ஏணியைத் தேடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிக்கொண்டு போயிருந்தார். திருப்பிக் கேட்கவில்லை.