மௌனத்துக்கு எத்தனை நொடி?

சாட் செயலியில் ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளியை நாம் தகவலாக எடுத்துக்கொள்கிறோம். "ஆன்லைன்லதான் இருக்கா, பதில் மட்டும் போட மாட்டேங்கிறா" என்று அதை வைத்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். அந்தப் புள்ளியை எரியவைக்கும் நிரல்களை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது தகவல் இல்லை, ஊகம்.

நோட் ஜேஎஸ்ஸில் எழுதிய ஒரு சாட் சர்வரை எடுத்துக்கொள்வோம். ஒரே ப்ராசஸால் கூட்டத்தைத் தாங்க முடியாதபோது நான்கு, எட்டு என்று பெருக்குவோம். உங்கள் போன் இரண்டாவது ப்ராசஸோடு வெப்சாக்கெட்டில் இணைந்திருக்கும். உங்கள் தோழியுடையது ஏழாவதோடு. இரண்டாவதுக்கு அவள் யாரென்றே தெரியாது. அதனால் நடுவில் ரெடிஸை வைத்து, 'இவளுக்கு ஒரு செய்தி இருக்கு, யார்கிட்ட இருக்காளோ கொடுத்துடுங்க' என்று எல்லா ப்ராசஸுக்கும் அறிவிப்போம். ஏழாவது கொண்டுபோய்க் கொடுக்கும்.

அவள் இருக்கிறாள் என்று ஏழாவதுக்கு எப்படித் தெரியும்? சாக்கெட் ஐஓவின் நான்காம் பதிப்பில், நாம் எதையும் மாற்றாவிட்டால், சர்வர் 25 நொடிக்கு ஒருமுறை 'இருக்கியா?' என்று கேட்கும். 20 நொடிக்குள் பதில் வராவிட்டால், போய்விட்டாள் என்று இணைப்பைத் துண்டிக்கும். அவள் போன ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்திருக்கலாம். மாறாக, அவள் அசந்து தூங்கிக்கொண்டிருக்க, அவளுக்காக போன் 'இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டும் இருக்கலாம்.

இது வெறும் கருவிக் குறைபாடு இல்லை. செய்தி வந்துசேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத வலைப்பின்னலில், ஒரே ஒரு ப்ராசஸ் செத்துப்போகலாம் என்றால்கூட, மற்றவை நிச்சயமாக ஒருமித்த முடிவுக்கு வந்துசேரும் என்று உத்தரவாதம் தரும் நிர்ணயமான வழிமுறை கிடையாது. ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985-இல் இதை நிறுவினார்கள். வேர் எளிது: மெதுவாக இருப்பவரையும் செத்தவரையும் வெளியே இருந்து பார்த்துப் பிரிக்க முடியாது.

ஆனாலும் முடிவெடுத்தாக வேண்டும். காத்துக்கொண்டே இருந்தால் செத்த இணைப்புகள் நினைவகத்தை அடைக்கும். அவசரப்பட்டால் உயிரோடு இருப்பவரை வெளியே தள்ளுவோம். இந்த இரண்டு தவறுகளில் எது பரவாயில்லை என்று யாரோ தேர்ந்தெடுத்ததுதான் அந்த 20 நொடி.

சர்வர்கள் ஒன்றையொன்று கண்காணிக்க ஹயாஷிபாராவும் சகாக்களும் 2004-இல் முன்வைத்த முறை எனக்குப் பிடிக்கும். அதில் எல்லாருக்கும் ஒரே கெடு கிடையாது. ஒரு சர்வர் இதுவரை எந்த இடைவெளியில் துடிப்பு அனுப்பியது என்று பார்த்து, இப்போதைய மௌனம் அதன் வழக்கத்திலிருந்து எவ்வளவு விலகியது என்று ஓர் எண்ணைத் தரும். இருக்கு, இல்லை என்பதற்குப் பதிலாகச் சந்தேகத்தின் அளவு. கசாண்ட்ரா தரவுத்தளம் இதைப் பயன்படுத்துகிறது. அங்கே இயல்பான எல்லை 8. அந்த அமைப்பின் பெயரிலேயே 'கன்விக்ட்' என்ற சொல் இருக்கிறது, அதாவது குற்றவாளி என்று தீர்மானிப்பது.

மனிதர்களிடமும் இதுவே நியாயம் என்று நினைக்கிறேன். தினம் பத்து மெசேஜ் போடுகிறவன் மூன்று நாள் பேசாததும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடுகிறவன் மூன்று நாள் பேசாததும் ஒன்றா? அவரவர் மௌனத்தை அவரவர் தாளத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும்.

அப்படி அளந்தும் தப்பாகப் போகலாம். அதனால் இன்னொரு கேள்வி மிஞ்சுகிறது: போய்விட்டார் என்று நாம் முடிவுகட்டியவர் திரும்பி வந்தால்? ரெடிஸின் பப்சப், அந்த நொடியில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டும் கொடுக்கும். எதையும் எடுத்து வைக்காது. 2018-இல் 5.0 பதிப்போடு வந்த ஸ்ட்ரீம்ஸ் செய்திகளை வரிசையாகச் சேமிக்கும். துண்டிக்கப்பட்டவர் சீக்கிரம் திரும்பினால் அவர் தவறவிட்டதைக் கொடுக்கும் வசதியை சாக்கெட் ஐஓ 2023-இல் கொண்டுவந்தது. அது பப்சப்போடு வேலை செய்யாது, ஸ்ட்ரீம்ஸோடு செய்யும். சேமிக்காத இடத்தில் திரும்பி வருகிறவருக்குக் கொடுக்க எதுவும் இருக்காது.

சேமிப்பதற்குச் செலவு உண்டு. யாருக்காகவும் காலம் முழுக்கச் சேமிக்க முடியாது. பேசாத நண்பனை ஒரு கட்டத்தில் மனதுக்குள் துண்டித்துக்கொள்வதும் நம் உரிமைதான். ஆனால் அந்த முடிவு ஊகத்தில் எடுத்தது என்று தெரிந்தால், அவனுக்கான ரெண்டு சேதியையாவது கொஞ்ச காலம் எடுத்து வைக்க வேண்டும். "என்னடா, எப்படி இருக்கே?" என்று அவன் வந்து நிற்கும்போது, விட்ட இடத்திலிருந்து பேச ஏதாவது வேண்டும் இல்லையா?