ஆரமும் அபவாதமும்

ஸ்ரீமதே ராமானுஜாய நம:

குலசேகராழ்வார் பெருமாள் திருமொழியில் தம்மைக் கொல்லிக்குக் காவலராகச் சொல்லிக்கொள்கிறார். இன்று நாமக்கல் மாவட்டத்தில் அடங்கும் கொல்லிமலை சேரர் வசமானதைச் சங்கப் பாடல்களும் பேசுகின்றன. அக்காவலர் அடியார்களின் நற்பெயரையும் காத்த வரலாற்றைக் குருபரம்பரை கூறுகிறது.

மன்னர் எப்போதும் பாகவத கோஷ்டியிலேயே இருப்பதைப் பொறாத அமைச்சர்கள், பெருமாளுடைய ஆரத்தை ஒளித்துவைத்து, அடியார்களே களவாடினர் என்று பழி சுமத்தினர். ஆழ்வாரோ, பரமன் அடியார் அது செய்யார் என்று பாம்பிட்ட குடத்தில் கைவிட்டார். பாம்பு தீண்டவில்லை, அமைச்சர்கள் உண்மையை ஒப்புக்கொண்டனர். மணக்கால் நம்பி அருளிய தனியன் போற்றுவது இச்செயலையே.

'போகட்டும், மன்னித்தோம்' என்று ஆழ்வார் அருளியிருக்கலாமே, ஏன் செய்யவில்லை? மன்னித்தால் களவு உண்மையென்றாகிவிடும். வங்கிக் கணக்கில் பழகிய நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். வாராக்கடனைத் தள்ளுபடி செய்வது ஒன்று. அங்கே கடன் பட்டது உண்மை. பிறர் பற்றைத் தவறாக ஒருவர் கணக்கில் எழுதியதை நீக்குவது வேறு. அவர் கடன்பட்டவரே அல்லர். முன்னது தயை, பின்னது நியாயம். கூரத்தாழ்வான் தம் கண்ணிழப்புக்குக் காரணமான நாலூரானுக்கும் தாம் பெறும் பேறே வேண்டுமென்று பேரருளாளனிடம் விண்ணப்பித்தது முதல்வகை. குடப்பாம்பில் கையிட்டது இரண்டாம்வகை.

உலகிலும் இரண்டாம்வகை நிகழ்ந்ததுண்டு. ஏசுவின் மரணப் பழியைப் பல நூற்றாண்டுகளாக யூத இனம் முழுவதன்மேலும் சுமத்திவந்தனர் கிறிஸ்தவர் பலர். அன்றிருந்த யூதர் அனைவர்மீதும், இன்றுள்ளவர்மீதும் அதைச் சுமத்தலாகாது என்று 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. அது யூதர்க்கு வழங்கிய மன்னிப்பன்று. தவறான பதிவின் திருத்தம்.

நம் ஏட்டிலும் பார்க்க வேண்டிய பக்கம் உண்டு. எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளவும், ஆழ்வான் கண்ணிழக்கவும், பெரிய நம்பி திருநாட்டுக்கு எழுந்தருளவும் காரணமானவன் ஒரு சோழன். அதைச் சொல்லும்போது அவன் செயலைச் சைவர் அனைவர் கணக்கிலும் எழுதும் வழக்கம் சிலரிடம் உள்ளது. இன்று கொல்லிமலை ஏறி அறப்பளீஸ்வரரைத் தொழுகிற ஒருவர் ஆழ்வானுக்கு என்ன தீங்கிழைத்தார்?

பழைய துன்பத்தை மறப்பதாகாதோ இது எனின், ஆகாது. ஆழ்வான் பட்டது பட்டதே, தொகையில் மாற்றமில்லை. பெயர்தான் திருத்தப்படுகிறது. துன்புற்றோர் மறைந்தபின் திருத்தி என்ன பயன் எனின், பழியைச் சுமப்போர் இன்றும் உயிரோடிருக்கின்றனர், பயன் அவர்க்கு.

இதைத் தொடங்க வேண்டியோர் பீடத்திலும் மேடையிலும் இருப்பவர்களே. பழி யார் வாய்வழிப் பரவியதோ அவர் வாயாலேயே நீங்கினால்தான் கேட்போர் நம்புவர். சொந்தக் கோஷ்டியாரின் முகச்சுளிப்பே அவர்களுக்குப் பாம்புக் குடம். அரசராயிருந்தும் ஆழ்வார் ஏவலாளனை அனுப்பவில்லை. தம் கையையே இட்டார்.

குலசேகராழ்வார் திருவடிகளே சரணம்.