ஐயமும் தேடலும்

குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அறிவின் பணி; குற்றமற்றவனைக் காப்பது அறத்தின் பணி. இவ்விரண்டும் ஒன்றே என்று நாம் எளிதில் எண்ணிவிடுகிறோம். முதற்பணியில் கெட்டிக்காரராய் விளங்குவோர் பலர் இரண்டாவதைக் கோட்டை விடுகின்றனர். இதை நமக்கு உணர்த்தியது ஒரு துப்பறியும் தொடர் என்றால் வாசகர்கள் வியக்கக்கூடும்.

1993-ஆம் ஆண்டில் தூர்தர்ஷன் 'பியோம்கேஷ் பக்ஷி' என்னும் இந்தித் தொடரை ஒளிபரப்பியது. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாய் 1932 முதல் எழுதிய கதைகளை பாசு சாட்டர்ஜி தொடராக்கினார். ரஜித் கபூர் நாயகனாகவும், கே.கே. ரைனா அவருடைய நண்பர் அஜித்தாகவும் நடித்தனர். துப்பாக்கிச் சண்டைகளை நம்பிய தொடரன்று அது. வேட்டியணிந்த இளைஞர் ஒருவர் அமர்ந்து கேட்பார், சிந்திப்பார், மெல்லப் பேசுவார். அம்பத்தூரில் எம் இல்லத்தில் அதைக் காண உருது பேசும் அண்டை வீட்டு நானிம்மாவும் வந்து அமர்வார். நமக்கு இந்தி பிடிபடாத இடங்களில் அவர்தாம் உரையாசிரியர்.

பியோம்கேஷுக்குத் 'துப்பறிவாளர்' என்ற பெயர் பிடிக்காது. தம்மை 'சத்யான்வேஷி' என்றே சொல்லிக்கொள்வார். உண்மையைத் தேடுபவர் என்பது பொருள். பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட இயலவில்லை. துப்பறிதல் என்னும் செயலே நமக்கொரு கேள்வியை எழுப்புகிறதன்றோ! திருமறையின் ஹுஜுராத் அத்தியாயம் மிகையான ஐயத்தை விலக்குகிறது. பிறர் மறைவுகளைத் துருவுவதையும், புறம் பேசுவதையும் அதனோடு சேர்த்தே தடுக்கிறது. ஐயம் துருவலைப் பெறுகிறது. துருவல் புறம்பேசுதலைப் பெறுகிறது. ஒரே குடும்பத்து மூன்று தலைமுறைகள் அவை.

கலீஃபா உமர் (ரலி) அவர்களைப் பற்றி வழங்கும் நிகழ்ச்சியொன்று பலரும் அறிந்ததே. இரவில் நகரைச் சுற்றிவந்த அவர்கள், ஒரு வீட்டினுள் தகாத ஓசை கேட்டுச் சுவரேறிப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவர் பாவத்தில் ஆழ்ந்திருந்தார். கடிந்துகொண்ட கலீஃபாவிடம் அவர், தாம் செய்த தவறு ஒன்று, கலீஃபா செய்தவை மூன்று என்றார்: துருவிப் பார்த்தது, வாயிலை விட்டுச் சுவர் வழி வந்தது, அனுமதியும் சலாமும் இன்றி நுழைந்தது. பேரரசின் தலைவர் அதனை ஒப்புக்கொண்டு திரும்பினார் என்பர்.

அப்படியாயின் உண்மையைத் தேடுவதே கூடாதா? கூடும். பிறர் உரிமையொன்று பறிபோயிருக்கையில் தேடியே ஆகவேண்டும். தேடலின் வரம்பு எது என்பதே கேள்வி. தொடரின் சிறந்த பகுதிகள் எனத் தயங்காது நாம் சொல்லும் மூன்றும் இந்த வரம்பைப் பற்றியனவே.

'சீமந்த் ஹீரா' கதையில் ஒரு ஜமீன் குடும்பத்தின் வைரம் களவு போகிறது. எடுத்தவர் குடும்பத்துப் பெரியவர், கலைஞர். வைரத்தை ஒரு சிறு நடராசர் சிலைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். பியோம்கேஷ் பொருளை மீட்கிறார். வழக்கோ ஊர்ப் பேச்சோ எழவில்லை. உரியவருக்கு உரியது சேர்ந்தது. குடும்பத்தின் மானமும் காக்கப்பட்டது. இங்கே மறைத்தல் அறமாகிறது.

'ஆதிம் ரிபு' நம்மை நிம்மதியாக விடுவதில்லை. 1946-இன் கலவரமும் 1947-இன் விடுதலையும் பின்னணியாக அமைந்த கதை அது. கொலை செய்தவன் இன்னான் என அறிந்தும் பியோம்கேஷ் அவனைக் காவலரிடம் ஒப்படைப்பதில்லை. கொலையுண்டவன் தீயவன், கொன்றவன் இரக்கத்துக்குரியவன். ஆயினும் நாம் பியோம்கேஷுடன் உடன்பட இயலவில்லை. உண்மையைத் தேடுபவனுக்குத் தீர்ப்பளிக்கும் உரிமையை யார் தந்தார்? மானத்தை மறைக்கலாம், சிந்திய குருதியை மறைக்கலாகாது.

மூன்றாவது, 'அர்த்தமனர்த்தம்'. உயிலை மாற்றி மாற்றி எழுதும் ஒரு முதியவர் கொலையுண்டு கிடக்கிறார். இறுதி உயிலால் பயன் பெறுபவன் சுகுமார். காவலர் அவனையே கைது செய்கின்றனர். தமையன் குற்றமற்றவன் என்று தங்கை சத்தியவதி மட்டும் நம்புகிறாள். பியோம்கேஷ் ஐயத்தைக் கடைசிவரை எவர் மீதும் இறக்கி வைப்பதில்லை, தேடிக்கொண்டே இருக்கிறார். அதனால் சுகுமார் உயிர் பிழைக்கிறான்.

அன்று நானிம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாமும் மனம் கசிந்தோம். எம் வீட்டு மாடியில் ஒரு சுகுமார் குடியிருந்ததை மட்டும் நாம் நினைக்கவில்லை.

கீழக்கரையிலிருந்து வந்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்த இளைஞர் அவர். தங்கையின் நிக்காஹ் வேளையில் இரண்டு பவுன் சங்கிலியொன்று காணாமற்போயிற்று. முந்தின நாள் மின்விசிறியைச் சரிசெய்ய அந்த அறைக்குள் வந்தவர் அவர். எவரும் அவரை ஒரு சொல்லும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மாடிக்குப் போகும் சாப்பாடு நின்றது. பிள்ளைகள் மாடியேறுவது தடுக்கப்பட்டது. மாதக் கடைசியில் அவர் சாவியைக் கொடுத்து, சலாம் சொல்லிப் போய்விட்டார்.

மூன்று மாதங்களுக்குப் பின், தையல் இயந்திரத்தின் இழுப்பறையில், துணித் துண்டொன்றில் சுற்றியபடி சங்கிலி இருந்தது. கல்யாண நெரிசலில் பத்திரமாய் இருக்கட்டும் என்று உம்மாவே வைத்து மறந்தது!

பூவிருந்தவல்லியில் அவர் தங்கியிருந்த இடத்தை விசாரித்துச் சென்றோம். மன்னிப்புக் கேட்டபோது அவர் கோபிக்கவில்லை. "என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், நானும் சேர்ந்து தேடியிருப்பேனே, காக்கா" என்றார்.

அந்தச் சொல் இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. சங்கிலியைத் தேட நமக்கு முழு உரிமை இருந்தது. நாம் தேடவில்லை; ஐயுற்றோம். ஒருவர் மீது ஐயம் விழுந்தவுடன் இழுப்பறைகளைத் திறந்து பார்க்கும் வேலை நின்றுபோயிற்று. உண்மையைத் தேடும் உழைப்புக்கு அஞ்சிய மனம் கண்டுபிடிக்கும் குறுக்கு வழியே ஐயம் போலும்.

வீட்டில் ஒரு பொருள் காணாமற்போகும் நாள் எல்லார்க்கும் வரும். வேலைக்கு வரும் பெண்ணையோ, கடைப் பையனையோ, குடியிருப்பவரையோ நம் கண்கள் நாடும் நாள் அது. அன்று அவர்களையும் அருகழைத்து, சேர்ந்து தேடுவோமாக. பொருள் கிடைக்காமலே போகலாம். ஒரு மனிதரை இழக்காமல் இருப்போம்.